தனிவிவரம் இணையத்தில் பரப்பப்பட்டால்: பூட்டுவதா, முறையிடுவதா, பேசி முடிப்பதா?

திருகோணமலை அலஸ்தோட்டத்தில் குடியிருந்த வாடகை வீட்டைக் காலிசெய்தபோது, முற்பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக என் தங்கைக்கும் வீட்டுக்காரருக்கும் தகராறு ஏற்பட்டது. ஊர் விளம்பரங்கள் போடப்படும் பேஸ்புக் குழுவொன்றில் அவள் அதைப் பற்றி நான்கு வரி எழுதினாள். அன்று மாலையே, வாடகை ஒப்பந்தத்துக்காக அவள் கொடுத்திருந்த தேசிய அடையாள அட்டையின் போட்டோக்கொப்பியும், கைத்தொலைபேசி இலக்கமும், புதிதாகக் குடிபோன வீடு இருக்கும் ஒழுங்கையின் பெயரும் "ஏமாற்றுக்காரி" என்ற தலைப்போடு அதே குழுவில் ஏறின. இரவு பதினொரு மணிக்குப் பிறகும் தொலைபேசி ஓயவில்லை. அரிசி வாளியின் மூடிமேல் குப்புற வைத்திருந்த அது, அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, விளிம்புக்கு வந்து, கடைசியில் கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்த நாங்கள் இருவரும் கை நீட்டவில்லை.

ஒருவரின் தனிப்பட்ட விவரங்களை, அவரை மிரட்டவோ அவமானப்படுத்தவோ எண்ணி, அவருடைய சம்மதமின்றி இணையத்தில் பரப்புவதை டொக்சிங் என்கிறார்கள். அன்று எங்கள் வீட்டில் ஐந்து பேர் ஐந்து வழி சொன்னார்கள். அம்மா கணக்குகளைப் பூட்டிவிட்டு இலக்கத்தை மாற்றச் சொன்னார். நான் பேஸ்புக்கிடம் முறையிடச் சொன்னேன். மச்சான் பொலிஸுக்குப் போகச் சொன்னார். சித்தப்பா வீட்டுக்காரரிடம் நேரில் பேசலாம் என்றார். தங்கையோ பதிலுக்கு அந்த மனிதரின் விவரங்களை எழுதிப் போடத் துடித்தாள். பிறகு இதே சிக்கலில் அகப்பட்ட வாசகர்கள் சிலர் என்னிடம் கேட்டதும், இந்த ஐந்தில் எது சரி என்பதைத்தான். ஐந்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறேன்.

## எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், வெளியே போன விவரம் மாற்றக்கூடியதா என்பது. தொலைபேசி இலக்கத்தை மாற்றலாம். முகத்தையும் வீட்டையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மாற்ற முடியாது. பலர் வெறும் எண்ணென்று நினைக்கும் அடையாள அட்டை இலக்கம் உண்மையில் நிறையப் பேசும். பன்னிரண்டு இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 1994562 என்று தொடங்கும் இலக்கத்தைப் பார்த்தவுடன், 1994 மார்ச் 2இல் பிறந்த பெண் என்று சொல்லிவிடலாம். (பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்று வைத்தே எண்ணுவார்கள்.) முழுப்பெயரும் பிறந்த திகதியும் அட்டை இலக்கமும் கையில் இருந்தால், தொலைபேசியில் அழைத்து அந்தப் பெண்ணாகவே பேசிப் பார்க்க ஒருவருக்கு வேறெதுவும் பெரிதாகத் தேவைப்படாது.

இரண்டாவது, பரப்பியவர் யார் என்று தெரியுமா என்பது. மூன்றாவது, உடலுக்கு ஆபத்து உண்டா என்பது. இது வந்துவிட்டால் மற்ற அளவுகோல்களுக்கு வேலை இல்லை. நான்காவது, உங்களுக்கு வேண்டியது என்ன என்பது: அழைப்புகள் நிற்க வேண்டுமா, பதிவு மறைய வேண்டுமா, செய்தவர் தண்டிக்கப்பட வேண்டுமா? இந்த மூன்றையும் ஒரே வழி தருவதில்லை. ஐந்தாவது, நம் ஊருக்கே உரியது: நீங்கள் தெரிவு செய்யும் வழியில் இந்த விடயம் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியவரும்? திருகோணமலை சிறிய நகரம். உப்புவெளியில் நடந்தது மறுநாள் காலை மத்திய வீதிச் சந்தையில் பேசப்படும். இங்கே ஒருவரின் முகவரி எப்போதும் பெரிய இரகசியமாக இருந்ததில்லை. கிராம உத்தியோகத்தரிடம் உள்ள வாக்காளர் இடாப்பில் வீட்டு இலக்கத்தோடு அது இருக்கிறது. டொக்சிங் செய்வது, தெரிந்த முகவரியைக் கோபக்காரர்கள் கையில் ஒரு காரணத்தோடு கொடுப்பது. அதனால் "முழுவதும் மறைந்துவிடலாம்" என்ற எண்ணத்தை முதலில் கைவிடுவது நல்லது.

## எந்த வழிக்கும் முன்னர் அரைமணி நேரம்

பதிவை அகற்றச் சொல்வதற்கு முன்னர் சான்றைச் சேமிக்க வேண்டும். முறைப்பாடு வெற்றி பெற்றால் பதிவு மறைந்துவிடும், அதோடு உங்கள் ஆதாரமும் மறையும். ஸ்கிரீன்சொட்டில் பதிவு மட்டுமன்றி, போட்டவரின் பெயர், நாள், நேரம், இணைய முகவரி என்பனவும் தெரிய வேண்டும். வெட்டிச் சுருக்கக் கூடாது. பேஸ்புக்கில் காட்சிப் பெயரை எவரும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அவருடைய கணக்கின் இணைய முகவரியைத் தனியாகப் பிரதிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப் மிரட்டலென்றால் அந்த உரையாடலை அழிக்காமல், தொலைபேசியையும் விற்காமல் வைத்திருங்கள். கணினி வழியான சான்றுகளை நீதிமன்றம் ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் இடமளிக்கிறது; ஆனால் மூலம் இருக்கும் கருவி கைவசம் இருப்பதும், அதே பதிவைத் தம் கணக்கிலிருந்து பார்த்த இன்னொருவர் இருப்பதும் பின்னர் பெரிய பலமாகும். தங்கைக்கு வந்த அழைப்புகளின் பட்டியலை மச்சான் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதினார். அப்போது அது எனக்கு வீண்வேலையாகப் பட்டது.

## வழி ஒன்று: பூட்டிக்கொள்வது, இலக்கத்தை மாற்றுவது

அம்மா சொன்ன வழியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பூட்டிக்கொள்வதற்குச் செலவில்லை, யாரையும் கேட்கவும் வேண்டியதில்லை. வட்ஸ்அப்பில் அறியாத அழைப்புகளை ஒலிக்காமல் செய்யும் வசதி 2023 முதல் இருக்கிறது. சுயவிவரப் படத்தையும், உங்களைக் குழுக்களில் சேர்க்கும் உரிமையையும் உங்கள் தொடர்புகளுக்கு மட்டும் என்று சுருக்கலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இலக்கத்தை உடனே போட வேண்டும். பேஸ்புக்கில் பழைய பகிரங்கப் பதிவுகள் அனைத்தையும் ஒரே அழுத்தலில் நண்பர்களுக்கு மட்டும் ஆக்கலாம். தொலைபேசி இலக்கத்தைக் கொண்டு உங்களைத் தேடிப் பிடிப்பதையும் தடுக்கலாம். பலர் மறப்பது, அழைப்பவரின் பெயரைக் காட்டும் ட்ரூகோலரை: நீங்கள் அந்தச் செயலியைப் பயன்படுத்தாவிட்டாலும், உங்கள் இலக்கத்தைச் சேமித்துள்ள வேறொருவர் வழியாக உங்கள் பெயர் அங்கே போயிருக்கலாம். அவர்களுடைய தளத்தில் இலக்கத்தை நீக்கக் கோரும் பக்கம் உண்டு. கணக்கு வைத்திருப்பவர் முதலில் கணக்கை மூட வேண்டும்.

இலக்கத்தை மாற்றுவது வேறு கதை. புதிய சிம் அட்டையின் விலை ஒன்றுமில்லை. மறைவான செலவுதான் பெரிது. வங்கியின் ஒருமுறைக் கடவெண், பிள்ளையின் பாடசாலை, வேலைத்தலம், மின்கட்டணக் குறுஞ்செய்தி, வெளிநாட்டு உறவினர் என்று பழைய இலக்கத்தில் தொங்கும் அனைத்தையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்ட வேண்டும். விட்டுவிட்ட இலக்கம் சில காலத்தின் பின் வேறொருவருக்கு விற்கப்படலாம். உங்கள் வங்கிக் குறுஞ்செய்தி அப்போது அவருக்குப் போகும். இன்னொரு பொறியும் உண்டு. வட்ஸ்அப்பின் "இலக்கத்தை மாற்று" வசதியைப் பயன்படுத்தினால், தனித்தனித் தொடர்புகளுக்கு அறிவிக்க வேண்டாமென்று நீங்கள் தெரிவு செய்தாலும், நீங்கள் இருக்கும் குழுக்களில் இலக்கம் மாறிய செய்தி தெரியும். உங்கள் விவரத்தைப் பரப்பியவர் அந்தக் குழுக்களில் ஒன்றில் இருந்தால், புதிய இலக்கத்தை நீங்களே அவர் கையில் கொடுத்ததாகிவிடும். முதலில் குழுக்களிலிருந்து வெளியேறி, பிறகு மாற்ற வேண்டும்.

பரப்பியவர் யாரென்று தெரியாமல், இலக்கம் மட்டும் வெளியே போயிருந்து, வேற்றிடத்திலிருந்து அழைப்புகள் வந்துகொண்டிருந்தால் இந்த வழி போதும். அதுவும் பழைய சிம்மை எறிந்துவிடாமல், ஒரு பழைய தொலைபேசியில் போட்டு ஓர் ஆண்டாவது உயிரோடு வைத்திருப்பதே என் ஆலோசனை. வங்கிக்கும் அது வேண்டும், சான்றுக்கும் அது வேண்டும். வீடு தெரிந்துவிட்ட நிலையில் இலக்க மாற்றத்தால் பெரிய பயனில்லை.

## வழி இரண்டு: தளங்களிடம் முறையிடுவது

பதிவை மறையச் செய்வதே நோக்கமென்றால் இதைவிட வேகமான வழி இல்லை. சில வேளை சில மணி நேரத்தில் முடியும். ஆனால் எந்தப் பெயரில் முறையிடுகிறீர்கள் என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. "எனக்குப் பிடிக்கவில்லை", "பொய்ச் செய்தி" என்றெல்லாம் அழுத்துவதில் பயனில்லை. அடையாள அட்டைப் படமும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் தனியுரிமை மீறல் என்ற வகையில் சேரும். அதன் கீழ்தான் முறையிட வேண்டும். பத்து நண்பர்களை ஒரே நேரத்தில் முறையிடச் செய்வதைவிட, விவரத்துக்கு உரியவர் சரியான வகையில் ஒருமுறை முறையிடுவதே நல்லது. குழுவின் நிர்வாகிக்குத் தனியாக எழுதுவதையும் மறக்க வேண்டாம். பேஸ்புக் குழுவிலும் வட்ஸ்அப் குழுவிலும் எவர் போட்ட பதிவையும் நிர்வாகி அழிக்கலாம். எங்கள் விடயத்தில் பதிவை எடுத்தவர் அந்த நிர்வாகிதான். பேஸ்புக்கின் பதில் வருமுன்னரே எடுத்துவிட்டார்.

யார் முறையிட்டார் என்பதைப் பேஸ்புக் மற்றவருக்குச் சொல்வதில்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. "என் படத்தை எடுத்துப் போட்டுவிட்டார்" என்று பதிப்புரிமைப் படிவத்தை நிரப்பினால் விரைவில் அகற்றுவார்கள் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் படிவத்தில் நீங்கள் எழுதும் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பதிவு போட்டவருக்கு அனுப்பப்படலாம். விவரம் பரப்பப்பட்டதற்கு முறையிடப் போய், மேலும் விவரம் கொடுத்த கதையாகும் அது.

வட்ஸ்அப்பில் ஒருவரை முறையிட்டால், அவர் உங்களுக்கு அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும், அவருக்கு அறிவிக்கப்படாது. ஆனால் ஏற்கனவே பகிரப்பட்டு வேறு குழுக்களுக்குப் போன படத்தை எவராலும் திரும்பப் பெற முடியாது. இந்த வழியின் பெரிய குறை இதுதான். கூகுள் 2022 முதல் தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், வீட்டு முகவரி என்பவற்றைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கும் கோரிக்கைகளை விரிவாக ஏற்கிறது. நீங்குவது தேடலிலிருந்து மட்டும், பக்கம் இருந்த இடத்தில் இருக்கும்.

அந்தரங்கப் படமென்றால் வேறு கருவி இருக்கிறது. 2021இல் தொடங்கிய ஸ்டொப்-என்சிஐஐ தளத்தில், படம் உங்கள் தொலைபேசியை விட்டு வெளியே போகாமலே அதன் கைரேகை போன்ற ஓர் எண்ணுருவம் மட்டும் உருவாக்கப்பட்டு, அதில் இணைந்துள்ள தளங்களுக்கு அனுப்பப்படும். அதே படம் அங்கே ஏற முயன்றால் அடையாளம் கண்டு தடுப்பார்கள். அது பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பிள்ளைகளுக்கு டேக் இட் டவுன் என்ற தனிச்சேவை உண்டு. நாட்டுக்குள் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது.

முறையிட்டும் பதில் வராதவர்கள் இணையப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்க 2006இல் அமைக்கப்பட்ட இலங்கை சேர்ட் அமைப்பை 101இல் அழைக்கலாம். போலிக் கணக்குகள் போன்றவற்றில் தளங்களோடு தொடர்பு கொள்ள அவர்கள் உதவுவார்கள். அவர்கள் பொலிஸ் அல்லர். எவரையும் பிடித்துத் தருவார்களென்று எதிர்பார்த்து அழைப்பவர் ஏமாறுவார்.

## வழி மூன்று: பொலிஸும் சட்டமும்

"வீட்டுக்கு வருவோம்" என்று ஒருவர் எழுதினால், அல்லது அறியாத ஒருவர் ஒழுங்கை முனையில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒப்பீடு அங்கேயே முடிகிறது; 119க்கு அழைத்துவிட்டு, அன்றிரவு வேறு வீட்டில் படுக்க வேண்டும். பெண்கள், சிறுவர் தொடர்பான முறைப்பாடுகளுக்குப் பொலிஸில் 109, பெண்களுக்கான அரச உதவிக்கு 1938.

அவசரமில்லாத நிலையில் கணக்கு வேறு. தண்டனைச் சட்டக்கோவையின் 483, 486ஆம் பிரிவுகள் குற்றவியல் மிரட்டலைப் பற்றியவை. மிரட்டல் சொல் இருந்தால் இவையே பழகிய பாதை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் தனிப்பட்ட தகவலை வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. டொக்சிங்குக்கு இவ்வளவு நெருக்கமான பிரிவு நம் நாட்டில் முன்பு இருக்கவில்லை. ஆனால் கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று ஊடகவியலாளர்களும் சிவில் அமைப்புகளும் கடுமையாக எதிர்த்த சட்டம் அது, நானும் அந்த அச்சத்தைப் பகிர்கிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பி வருபவர்களும் உண்டு. அது நிறுவனங்கள் நம் தரவைக் கையாளும் முறை பற்றியது. ஒரு தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்காகச் செய்வது அதன் எல்லைக்குள் வராது, அதன் பல பகுதிகள் நடைமுறைக்கு வருவதும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மானநட்டத்தைப் பொறுத்தவரை, குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. எஞ்சியது மாவட்ட நீதிமன்றச் சிவில் வழக்கு, அது ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

இந்த வழியின் மறைவான செலவு பணத்தைவிட நேரமும் மொழியும். கணினிக் குற்ற விசாரணைப் பிரிவின் தலைமையகம் கொழும்பில் இருக்கிறது. வேலைக்கு விடுப்பு, இரவு ரயில், கூடப் போக ஓர் ஆள் என்று ஒவ்வொரு பயணமும் வீட்டை உலுக்கும். ஆகையால் முதலில் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் பதிந்துவிட்டு, அங்கிருந்து மேலே அனுப்பக் கேளுங்கள். வட கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பதை அரசியலமைப்பே சொல்கிறது. முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை. வேறு மொழியில் எழுதப்பட்டால், முழுவதையும் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிடுங்கள். "தொந்தரவு" என்பதும் "மிரட்டல்" என்பதும் மொழிமாற்றத்தில் ஒன்றாகிவிட்டால் வழக்கின் திசையே மாறிவிடும். மச்சானின் பயிற்சிப் புத்தகம் இங்கேதான் உதவியது: எந்த நேரத்தில் எந்த இலக்கத்திலிருந்து என்ன சொல்லப்பட்டது என்று கேட்டபோது, தங்கை அழாமல் வாசித்துச் சொன்னாள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

பரப்பியவர் போலிக் கணக்கில் ஒளிந்திருந்தால், இந்த வழியைத் தள்ளிப்போடக் கூடாது. அதிகாரபூர்வக் கோரிக்கை வந்தால் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா கணக்கு விவரங்களை 90 நாட்களுக்குப் பாதுகாத்து வைக்கும். அந்தக் கோரிக்கையை அனுப்பக்கூடியது பொலிஸ். நீங்களோ நானோ அல்ல. கணக்கு அழிக்கப்பட்ட பிறகு ஓடிப் பயனில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

## வழி நான்கு: ஊரில் பேசி முடிப்பது

படித்தவர்கள் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். பரப்பியவர் தெரிந்தவர், பின்னால் ஒரு பணத் தகராறோ காணித் தகராறோ இருக்கிறது, உடல் ஆபத்து இல்லை என்றால், இது பொலிஸைவிட விரைவாகப் பலன் தரக்கூடும். கோயில் பரிபாலன சபையிலோ பள்ளிவாசல் நிர்வாகத்திலோ இரு பக்கமும் மதிக்கும் ஒருவர் இருப்பார். அவர் சொன்னால் இரவோடிரவாகப் பதிவு போய்விடும், பகிர்ந்தவர்களின் பதிவும் போகலாம். எழுத்தில் வேண்டுமென்றால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கி, நீதிமன்றம் போகாமல் இரு பக்கத்தையும் பேசவைத்துத் தீர்க்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. முற்பணத் தகராறு அங்கேதான் போக வேண்டிய விடயம்.

இதன் விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேச்சில் உட்காரும் பெரியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், "நீ ஏன் பிள்ளை பேஸ்புக்கில் எழுதினாய்?" என்ற கேள்வி முதலில் பாதிக்கப்பட்டவளிடம்தான் வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. பதிவை எடுப்பதற்கு ஈடாக முற்பணத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கக் கேட்பார்கள். அந்தரங்கப் படம், காதல் முறிவு, பின்தொடர்தல் போன்றவற்றில் இந்த வழியை எந்த நிலையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே சமரசம் என்பது அடுத்த மிரட்டலுக்கு வழிவிடுவதாகவே முடியும். இரு இனத்தவருக்கிடையிலான தகராறென்றால், பேசப் போகுமுன்னர் பதிவின்கீழ் என்ன எழுதப்படுகிறது என்று வாசியுங்கள். பெயரை விட்டுவிட்டு இனத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தால், அது இரண்டு குடும்பங்களின் விடயமாக இல்லை. பொலிஸுக்குப் போய்விட்டுத்தான் பெரியவர்களிடம் போக வேண்டும்.

## வழி ஐந்து: பகிரங்கமாகப் பதில் கொடுப்பது

தங்கையின் வழி. பழிக்குப் பழியாக மற்றவரின் விவரங்களைப் போட்டால், மேலே சொன்ன அதே 20ஆம் பிரிவு உங்கள்மீதும் பாயும். முறைப்பாட்டாளர் சந்தேக நபராக மாறுவதற்கு ஓர் இரவு போதும். ஒவ்வொரு பதிலும் பழைய பதிவை மீண்டும் மேலே கொண்டுவரும் என்பதும் உண்டு. விலக்கு ஒன்றே: பொய்க் குற்றச்சாட்டால் தொழில் கெடுகிறது என்றால், வேறெவரின் பெயருமின்றி, "என் பெயரில் பரவும் செய்தி பொய், முறைப்பாடு செய்துள்ளேன்" என்று இரண்டு வரி எழுதி, பின்னூட்டத்தை மூடிவிடலாம்.

## நாங்கள் செய்தது

அன்றிரவே பூட்டினோம், இலக்கத்தை மாற்றவில்லை. மறுநாள் காலை பொலிஸில் பதிந்துவிட்டு, பிறகு சித்தப்பா பேசப் போனார். கையில் முறைப்பாட்டு இலக்கம் இருந்ததால்தான் அங்கே அவருடைய குரலுக்கு எடை வந்தது என்று நான் நம்புகிறேன். அவர் அதை ஒப்புக்கொள்வதில்லை. முற்பணத்தில் முக்கால்வாசி திரும்பி வந்தது. அழைப்புகள் பத்து நாட்களில் அடங்கின.

இப்போது தங்கை யாருக்கு அடையாள அட்டைப் பிரதி கொடுத்தாலும், படத்தின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் "இன்ன தேவைக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதிக் கொடுக்கிறாள். போட்டோக்கொப்பிக் கடையில் வரிசையில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களாம். கோடில்லாத அந்த முதல் பிரதியைத் திருப்பிக் கேட்டோம். தேடித் தருவதாகச் சொன்னார்கள். அது இன்னும் அந்த வீட்டு லாச்சியில்தான் இருக்கிறது.